மேலே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒரு கணக்கு

மெர்சிடஸ்-பென்ஸ் 300 எஸ்எல் காரின் கதவு பக்கவாட்டில் திறப்பதில்லை. கீல் கூரையில் இருப்பதால் மேல்நோக்கி எழும்புகிறது. இரண்டு கதவுகளும் திறந்து நிற்கும்போது கடற்காகம் சிறகு விரித்ததுபோல் தெரியும். ‘கல்விங்’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கூபே 1957 வரை மொத்தம் 1,400 மட்டுமே தயாரானது. இன்று ஏலத்துக்கு வரும் ஒவ்வொன்றையும் கோடிகள் கொடுத்து வாங்குகிறார்கள். அதனால் இவற்றைப் புதுப்பிப்பது தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அந்தத் தொழிலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதே கேள்வி. பளபளப்பைவிட, அந்த வண்டி ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான சான்றுகளைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்பேன்.

கதவையே எடுத்துக்கொள்வோம். 1952-இல் பந்தயத்துக்குத் திரும்பிய மெர்சிடஸிடம் புதிய எஞ்சின் இல்லை. 300 வகை சொகுசுக் காரின் கனமான 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் கையில் இருந்தது. எஞ்சினைப் பெரிதாக இளைக்கவைக்க முடியாது என்பதால் பொறியாளர் ருடால்ஃப் உலன்ஹாட் சட்டகத்தின் எடையைக் குறைத்தார். நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாக்கினால், குச்சியே நீளவோ குறுகவோ செய்தாலொழிய வடிவம் மாறாது. மெல்லிய எஃகுக் குழாய்களை இப்படி முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்தால், குழாய்கள் பெரும்பாலும் இழுவிசையையும் அமுக்கவிசையையும் மட்டுமே தாங்கினால் போதும். சாலைக்கு வந்த 300 எஸ்எல்லின் சட்டகம் சுமார் 82 கிலோதான். ஆனால் முறுக்கலைத் தாங்க, பக்கவாட்டுக் குழாய்க்கூடு உயரமாக இருந்தாக வேண்டும். சாதாரணக் கதவு வைக்க வேண்டிய இடத்தை அந்தக் கூடு எடுத்துக்கொண்டதால், கதவு கூரைக்குப் போயிற்று. 1957-இல் திறந்த கூரை கொண்ட ரோட்ஸ்டர் வகைக்கு வழக்கமான கதவு வேண்டும் என்றானபோது, பக்கக் குழாய்களைத் தாழ்த்திச் சட்டகத்தையே மாற்றி வரைய நேர்ந்தது. கதவு வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் அந்த வேலை தேவைப்பட்டிருக்காது.

எஞ்சினும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1952-இல் லெ மான் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த வண்டி கார்புரேட்டரில் ஓடியது. அதன் திறன் சுமார் 170 குதிரைத்திறன். கடைக்கு வந்த காரோ 215 குதிரைத்திறன் தந்தது, பந்தய வண்டியையே மிஞ்சியது. பாஷ் நிறுவனத்தின் பம்ப் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சியதே முக்கியக் காரணம். நான்கு வீச்சு பெட்ரோல் எஞ்சின் கொண்ட விற்பனைக் காரில் இந்த முறை வந்தது அதுவே முதல்முறை. இதற்கு ஒரு விலையும் இருந்தது. எஞ்சினை அணைத்த பிறகும், சுழற்சி அடங்கும்வரை பம்ப் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். அதனால் ஆயிலை அடிக்கடி மாற்றியாக வேண்டும். இந்தத் தொல்லை பிடிக்காமல் பம்பைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரோ மின்னணு இன்ஜெக்‌ஷனோ பொருத்தினால் வண்டி சுகமாக ஓடும். ஆனால் அந்தக் காரின் அறிவியல் முக்கியத்துவம் பட்டறைத் தரையிலேயே தங்கிவிடும்.

இங்கே எழும் வலுவான மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. 300 எஸ்எல் கூபேயின் பின் அச்சு ஊசலாடும் வகை. வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால், பின்பகுதி மேலெழும்பிச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். டயரின் பிடிப்பு குறைந்து வண்டி சுழலக்கூடும். உயிருக்கு ஆபத்தான குறையையும் பாரம்பரியம் என்று காக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. சாலையில் ஓட்டுகிறவர் நல்ல டயரும் நல்ல பிரேக்கும் போடத்தான் வேண்டும். ஆனால் செய்யும் மாற்றம் பின்னாளில் திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கழற்றிய பாகம் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் வண்டியோடு இருக்கட்டும். ரோட்ஸ்டரில் அச்சின் சுழல்மையத்தைத் தாழ்த்தி மெர்சிடஸே அந்தக் குறையைத் தணித்தது. அந்தத் திருத்தம் எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது, திருத்தப்படாத கூபே ஒன்றாவது கண்முன் இருந்தால்தான் புரியும்.

வரைபடங்களும் அருங்காட்சியகமும் போதாதா, பணக்காரர் பொழுதுபோக்குக்கு அறிவியல் பெயர் எதற்கு என்றும் கேட்கலாம். வரைபடம் வடிவமைப்பாளர் நினைத்ததைச் சொல்லும். அறுபது, எழுபது ஆண்டுகளில் உலோகத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை வண்டிதான் சொல்லும். இந்தக் காரின் உடல் பெரும்பாலும் எஃகு. பானெட், கதவின் மேல்தகடு போன்றவை அலுமினியம். இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டிப் புதுத் தகடு பொருத்துகிறவர் அந்தத் தடயத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறார். உரிமையாளர் செல்வந்தர் என்பதால் அவர் கையிலிருக்கும் சான்றின் மதிப்பு குறைந்துவிடாது. அவர் பொறுப்புதான் கூடுகிறது. பழைய ஓலைச்சுவடியை வைத்திருப்பவர் எழுத்து மங்கிவிட்டது என்று அதன்மேல் புது மையால் எழுதிவிடுவதில்லையே.

உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும் முழுப் புதுப்பிப்புக்கு முன்னால் பாதுகாத்தலையே வைக்கிறது. நடைமுறையில் இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பிரிக்கும் முன் ஒவ்வொரு பற்றவைப்பையும் படமெடுப்பது, மாற்றிய குழாயில் அடையாளம் இடுவது, பெயிண்ட் அடுக்குகளில் ஒரு சிறு பகுதியைத் தொடாமல் விடுவது, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து அடுத்தவரிடம் ஒப்படைப்பது: இவ்வளவுதான். வாங்க வருகிறவர் கண்ணாடிபோல் மின்னும் பெயிண்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் அந்தக் கோப்பைக் கேட்கும் வழக்கம் வந்துவிட்டால், பட்டறைகளும் மாறும்.