எழுத்தின் எல்லை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் ஊர் தளி. கன்னட நாட்டை ஒட்டிய எல்லை ஊர். தமிழையும் கன்னடத்தையும் பலகைகளில் அருகருகே பார்த்து வளர்ந்தவன் நான். ஆயினும் எழுத்தின் வடிவத்தைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது ஒரு பழைய நிலப் பத்திரமே.

நான் கல்லூரியில் சேரப் பணம் புரட்டுவதற்காக அப்பா அதை எடுத்து வந்து, "படிச்சவன் நீ, வாசிடா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆனால், ஒரு சொல்லில் தடுக்கி நின்றேன். நான்காம் வகுப்போடு நின்ற தாத்தா எட்டிப் பார்த்து, "எல்லைடா அது" என்றார். அந்த 'லை'யின் முன்னே இரட்டைச் சுழி இல்லை. 'ல'வின் மேலேயே யானைத் துதிக்கை போல ஒரு வளைவு! வெட்கம் ஒருபுறம், வியப்பு மறுபுறம்.

அந்த வளைவு எங்கே போயிற்று?

கையால் எழுதுபவருக்கு எழுத்தோடு சேர்த்து வளைப்பது எளிது. அச்சுக்கோப்பவருக்கோ அது சுமை. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. ஈய எழுத்தில் கை, தை, மை கோக்க, இரட்டைச் சுழிக்கு ஒரே வார்ப்புப் போதும். ஆனால் ணை, லை, ளை, னை நான்கும் ஒட்டிய வடிவங்கள். நான்கு தனி வார்ப்புகள் வேண்டும். ணா, றா, னா மூன்றும் காலின்றிச் சுழிந்தவை, அவற்றுக்கு மூன்று. இம்மூன்றின் வழியே ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. ஆக, வேறுபட்ட எழுத்துகள் 13. அவற்றுக்கென்றே 7 வார்ப்புகள், பெட்டியில் 7 அறைகள்!

தந்தை பெரியார் 1935-இல் தம் 'குடிஅரசு' இதழில் இவற்றை மற்ற எழுத்துகளைப் போலவே சீராக்கி அச்சிட்டார். 1978-இல் தமிழக அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்றது. அதன்பின் பள்ளிக்குச் சென்ற நாம் எளிதாகக் கற்றோம். தாத்தாவின் எழுத்து நமக்கு அயலானது.

இன்று கணினியில் யூனிகோட் முறைப்படி 'லை' என்பது 'ல'வுக்கு ஓர் எண், ஐகாரக் குறிக்கு ஓர் எண், அவ்வளவே. துதிக்கையாக வரைவதும் இரட்டைச் சுழியாக வரைவதும் எழுத்துருவின் வேலை, எண்கள் மாறுவதில்லை. உடை மாறியது, ஆள் அதே ஆள்தான்.

மாணவ நண்பர்களே! 13 எழுத்துகளைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். வீட்டுப் பெரியவர் அருகில் ஒரு பழைய நூலோடு அமர்ந்து பாருங்கள். எனக்கு அதைக் கற்பித்த ஆசிரியர் நான்காம் வகுப்பு வரை படித்தவர்!