தானியங்கி வாணிபத்தில் வேலைப் பகிர்வு

இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளில் விளையும் ஏலக்காய், கேரளத்தில் புற்றடியிலும் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகின்றது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் 2007 ஆம் ஆண்டில் போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டிலும் இம்முறை தொடங்கிற்று. வியாபாரிகள் ஒவ்வொரு குவியலிலிருந்தும் சிறிதளவு காயைக் கையிலெடுத்துப் பருமனையும் நிறத்தையும் நோக்கி, கணிப்பொறி வழியே விலை கேட்கின்றனர். மிகுதியான விலை கேட்டவருக்குக் குவியல் உரியதாகின்றது.

இத்தகைய வாணிபத்தில் இருவகைச் செயல்கள் அடங்கியுள்ளன. மழைச் செய்தி, விளைச்சல் நிலவரம், முந்தைய ஏல விவரம் ஆகியவற்றை வாசித்துப் பொருள் காண்பது ஒன்று. கையிருப்பு, உச்ச விலை, எடை ஆகியவற்றைக் கணக்கிட்டு எல்லை மீறாது காப்பது மற்றொன்று. இவற்றை யந்திரங்களிடம் ஒப்படைக்கும்பொழுது, எதனை எதற்கு அளிப்பது என்பதே கேள்வி.

மொழி மாதிரியின் இயல்பு

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி என்பது, ஏராளமான எழுத்துக்களிலிருந்து பயிற்சி பெற்று, அடுத்து வரத்தக்க சொல் எதுவென நிகழ்தகவின்படி கணிக்கும் அமைப்பாகும். தமிழிலும் மலையாளத்திலும் கலந்து வரும் நிலவரக் குறிப்புக்களை அது சுருக்கித் தரவல்லது. ஆயினும் ஒரே கேள்விக்கு இரு வேளைகளில் இரு விடைகள் தரக்கூடும். எண்ணையும் அது எழுத்துத் துண்டுகளாகவே கையாள்வதால், இலக்கம் பிறழ்வது உண்டு. வாசிக்கும் செய்தியினுள் எவரேனும் “உடனே வாங்குக” என்று எழுதி வைத்தால், அதனைத் தனக்கு இட்ட ஆணையாகக் கொள்ளவுங்கூடும்.

விதி நிரலின் இயல்பு

விதி நிரலோ ஒரே உள்ளீட்டிற்கு எப்பொழுதும் ஒரே விடை தருவது. குறிப்பின் நயம் அதற்குப் புலப்படாது. ஆனால் கூட்டல், பெருக்கல், ஒப்பிடல் ஆகியவற்றில் அது தளராது. அதன் ஒவ்வொரு விதியையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம்

வியாபாரி ஒருவர் கிலோவிற்கு 2,500 ரூபாய் உச்ச விலையும், 10 லட்சம் ரூபாய் மொத்த வரம்பும் வகுத்துள்ளார் என்று கொள்வோம். 300 கிலோக் குவியலுக்கு 2,450 ரூபாய் கேட்கலாம் என மொழி மாதிரி யோசனை கூறுகின்றது. நிரல் பெருக்கிப் பார்க்கின்றது: 7,35,000 ரூபாய், இரு வரம்புகளுக்கும் உட்பட்டதே, அனுமதிக்கின்றது. மாதிரி பிறழ்ந்து 24,500 என்று எழுதிவிட்டால், தொகை 73,50,000 ரூபாயாகின்றது. நிரல் அதனை மறுத்து, பதிவேட்டில் குறித்து, வியாபாரிக்கு அறிவிக்கின்றது. யோசனை கூறுவது மாதிரி. கேட்பை அனுப்புவது நிரல். வரம்பை வகுப்பவர் மனிதர். வரம்பை மாற்றும் அதிகாரம் மாதிரிக்கு இருத்தல் ஆகாது.

நிரலும் தவறக்கூடும்

விதி நிரல் என்பதனாலேயே காப்பு வந்துவிடுவதில்லை. 2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனத்தில், கைவிடப்பட்ட பழைய நிரற்பகுதி ஒரு கணிப்பொறியில் நீக்கப்படாதிருந்து மீண்டும் இயங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் ஏற்பட்டது. ஆகையால் வாங்கும் நிரலும் தடுக்கும் நிரலும் வெவ்வேறாக இருத்தல் நலம். நம் நாட்டுப் பங்குச் சந்தைகளில் தானியங்கி ஆணைகள் விலை, அளவு, தொகை ஆகிய சோதனைகளுக்கு உட்பட வேண்டுமெனச் செபி 2012 மார்ச்சு மாதத்திலேயே நெறிமுறை வகுத்தது.

பயிற்சி

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். மாணவர் ஒருவர் நிலவரக் குறிப்பைப் படித்து விலை கூறட்டும். மற்றொருவர் வரம்புப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அதனை ஏற்கவோ மறுக்கவோ செய்யட்டும். விரிவுப் பணியாளர், இத்தகைய சாதனத்தை விற்க வருவோரிடம் மூன்று கேள்விகள் கேட்குமாறு விவசாயிகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் எடுத்துரைக்கலாம்: வரம்பு எங்கே எழுதப்பட்டுள்ளது? அதனை மாற்ற வல்லவர் யார்? யந்திரத்தை உடனே நிறுத்தும் வழி யாது? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காத சாதனத்திடம் ஓராண்டு உழைப்பின் பயனை ஒப்படைத்தல் தகாது.