முடி சிதையாமல் ஜெல்லை நீக்குதல்

கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என ஐந்து பெரிய சுரங்கங்கள் இருந்தன. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குப் பணி தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வூருக்கு வந்து குடியேறின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது. சுரங்கத்தின் பெயராக இருந்த பாலகாட், இன்று மக்கள் வாழும் பகுதியின் பெயராக நிலைத்துள்ளது.

சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் அதன் எச்சம் ஒன்று இங்கே எஞ்சியுள்ளது. பாறையைப் பொடியாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய நுண்தூள், வெளியே மேடு மேடாகக் குவிக்கப்பட்டது. மூன்று கோடி டன்னுக்கும் மேலான அத்தூள் சயனைடு மேடுகள் என்னும் பெயரோடு ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. வேனிற்காலக் காற்று வீசும்போது தூள் பறந்து வீடு, மரம், ஆடை, தலை ஆகிய அனைத்திலும் படிகிறது. இத்தகைய ஊரில் தலைக்கு ஜெல் தடவும் இளைஞர், அதை முறையாக நீக்கவும் அறிந்திருக்க வேண்டும்.

முடியின் அமைப்பு

தலைமுடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. ஓர் இழையின் தடிமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். இழையின் வெளிப்புறத்தில், ஓட்டுவீட்டின் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைப் போல, மெல்லிய செதில்கள் அடுக்கப்பட்டுள்ளன. அச்செதில்களின் நுனி, முடியின் நுனியை நோக்கி இருக்கும். செதில்கள் படிந்திருந்தால் முடி வழவழப்பாகவும் பளபளப்பாகவும் தோன்றும். அவை பெயர்ந்து நின்றால் முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழும். பின்னர் நுனி பிளக்கும்.

முடி திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனி, பத்துத் திங்களுக்கு முன் தோலிலிருந்து வெளிவந்த பகுதியாகும். உயிருள்ள வேர் தோலின் உள்ளே இருக்கிறது; வெளியே நீண்ட இழைக்கு உயிரில்லை. கையில் பட்ட காயம் தானே ஆறுவது போல, பெயர்ந்த செதில் மீண்டும் வளர்ந்து ஒட்டிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியை வெட்டிவிட்டுப் புதுமுடி வளரும்வரை காத்திருப்பதே வழி. எனவே, முடியைக் கெடாமல் காப்பதே அறிவுடைமை.

ஜெல் இறுகும் விதம்

ஜெல்லின் பெரும்பகுதி நீர். அந்நீரில் நீண்ட சங்கிலி போன்ற பல்படிச் சேர்மங்கள் கரைந்திருக்கும். தடவியபின் நீர் ஆவியாகிறது. பல்படிச் சேர்மம் மெல்லிய படலமாக உறைந்து, அடுத்தடுத்த முடியிழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கிறது. முடி விறைத்து நிற்பதன் காரணம் இதுவே. உலர்ந்த படலம் உடையும்போது வெண்துகள்களாக உதிர்கிறது. அதைப் பொடுகு எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர். பொடுகு தலைத்தோலிலிருந்து உதிரும் செதில். வெண்துகளோ உடைந்த ஜெல். நீர்பட்டவுடன் கரைந்து மறைவது ஜெல் என எளிதில் கண்டறியலாம்.

நீரில் கரைவது ஜெல்லின் நற்பண்பு. மெழுகும் எண்ணெயும் கலந்து செய்யப்பட்ட பொமேட் போன்ற பூச்சுகள் நீரில் எளிதில் கரையா. ஆகவே, தலையில் பூசப்பட்டது எத்தகையது என்பதை டப்பாவின்மேல் அச்சிட்ட உட்பொருள் பட்டியலைப் படித்து முதலில் அறிய வேண்டும். பட்டியலில் முதலாவதாக நீர் இருந்து, மெழுகோ எண்ணெயோ இல்லாதிருந்தால், அதை நீக்க நீரே முதல் மருந்து.

தூள் படிந்த தலை

கோலார் தங்கவயலில் தங்கம், குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் நரம்புகளில் கிடைத்தது. எனவே மேடுகளிலுள்ள தூளிலும் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7 என்னும் இடத்தைப் பெறுகிறது. சாதாரண எஃகுக் கத்தியைவிட அது கடினமானது. கடின நுண்தூளை மூச்சோடு உள்ளிழுத்ததால் இவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளர் பலருக்கு நுரையீரலில் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வந்தது வரலாறு.

ஜெல் பூசிய தலையில் தூள் ஒட்டிக்கொள்கிறது. அந்நிலையில் உலர்ந்த முடியைச் சீப்பால் வாரினால், இரண்டு கேடுகள் ஒருங்கே நிகழும். இறுகிய படலம் உடையும்போது செதில்களையும் சேர்த்து இழுக்கும். இடையிலுள்ள கடினத் துகள் மணல்தாள் போல இழையைத் தேய்க்கும். எனவே ஜெல் தடவிய தலையை உலர்ந்த நிலையில் வாருதல் கூடாது. அத்தலையை நீரால் நனைப்பதே முதற்செயலாக அமைய வேண்டும்.

நீக்கும் முறை

தங்கவயலில் நீர் அரிது. பாலாற்றின்மேல் அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்க நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது என்பதே, இங்கு நீர் எத்துணை மதிப்புடையது என்பதைக் காட்டும். ஆதலால் ஒரு வாளி நீரில் பணி முடியும்படி வரிசையாகச் செய்தல் நலம்.

முதலாவதாக, தலையைக் குனிந்து வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றவேண்டும். தேய்த்தல் கூடாது. ஊற்றும் நீர் தூளைக் கழுவிக்கொண்டு செல்லும். படலமும் ஊறத் தொடங்கும். இரண்டு அல்லது மூன்று நிமிடம் காத்திருந்தால் விறைப்பு தளர்ந்து, முடி வழுக்கும். மிகுந்த சூடான நீர் தலைத்தோலை உலர்த்தும் ஆதலால் அதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவதாக, சிறிதளவு ஷாம்பூவை ஒரு குவளை நீரில் கலந்து தலைத்தோலில் ஊற்றி, விரல்நுனியின் சதைப்பகுதியால் மெல்ல அழுத்த வேண்டும். நகத்தால் பிறாண்டுவதால் தோலில் கீறல் விழும். ஷாம்பூ என்னும் சொல்லே, அழுத்து அல்லது பிசை என்னும் பொருளுடைய சாம்போ என்ற இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடத்திய குளியலகத்தால் அச்சொல் ஆங்கிலேயரிடையே பெரிதும் பரவியது. அப்போது அது உடலை அழுத்திப் பிடித்துவிடுதலையே குறித்தது. தலை கழுவும் பொருளை அது குறித்தது பின்னாளில்தான்.

மூன்றாவதாக, நுரை முழுவதும் போகும்வரை அலச வேண்டும். முடியைத் தொட்டால் இன்னும் பிசுபிசுப்பு இருப்பின், முதலில் எடுத்ததில் பாதியளவு ஷாம்பூவால் ஒருமுறை மட்டும் மீண்டும் கழுவலாம். இதற்குமேல் கழுவினால் முடியின் இயற்கை எண்ணெயும் நீங்கிவிடும்.

நான்காவதாக, கண்டிஷனரை இழைகளின் நடுவிலிருந்து நுனிவரை தடவவேண்டும். சிதைந்த முடியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. கண்டிஷனரில் நேர்மின் தன்மையுள்ள மூலக்கூறுகள் இருப்பதால், அவை சிதைந்த இடங்களில் ஒட்டி, உராய்வைக் குறைக்கின்றன. அது தலையில் இருக்கும்போதே பற்கள் அகன்ற சீப்பால், நுனியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக வேரை நோக்கிச் சிக்கு எடுக்கலாம். நனைந்த முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். எனவே பேன்சீப்பையோ நெருங்கிய பற்களுடைய சீப்பையோ அப்போது பயன்படுத்தக் கூடாது.

ஐந்தாவதாக, அலசியபின் துண்டால் முறுக்கித் தேய்க்காமல், பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து நிழலில் உலரவிட வேண்டும்.

பொமேட் போன்ற மெழுகுப் பூச்சாயின் வரிசை மாறும். நனைக்கும்முன் சிறிது தேங்காயெண்ணெயைத் தடவி, பத்து நிமிடம் விட்டால் மெழுகு இளகும். அதன்பின் ஷாம்பூவால் கழுவலாம். எண்ணெய் மெழுகைக் கரைக்கும். நீரில் கரையும் ஜெல்லைக் கரைக்காது. பொருளுக்கு ஏற்ற கரைப்பானைத் தேர்வதே இம்முறையின் உயிர்.

மரபும் அறிவியலும்

எண்ணெய் தேய்த்துச் சீயக்காயால் தலை முழுகுதல் தமிழரின் பழைய வழக்கம். ஆடவர் புதன், சனிக் கிழமைகளிலும், பெண்டிர் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளிலும் எண்ணெய் முழுக்கு மேற்கொண்டனர். சீயக்காயில் சபோனின் என்னும் நுரைபொருள் உள்ளது. அது அழுக்கையும் எண்ணெயையும் மென்மையாக அகற்றும். அரப்பு என்னும் இலைத்தூளும் இவ்வாறே பயன்பட்டது. ஆயினும் கரடுமுரடான தூளை நேரே தேய்த்தால் அதுவும் முடியை உராயும். சீயக்காயைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரைப் பயன்படுத்துதல் நலம். கண்ணில் படாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

இம்மரபுக்கு அறிவியல் சான்றும் உண்டு. 2003-இல் ரேலே, மோஹிலே என்னும் இரண்டு இந்திய ஆய்வாளர்கள், தேங்காயெண்ணெய் முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்றும், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் வெளியிட்டனர். தேங்காயெண்ணெயிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால், அது இழையின் உள்ளே புகுகிறது. எனவே ஜெல் தடவாத நாளில், கழுவுவதற்கு முன் எண்ணெய் தேய்த்தல் முடிக்குக் காப்பாகும்.

ஷாம்பூ ஒரு காலத்தில் பெரிய புட்டியில் மட்டும் கிடைத்தது. அதைச் சிறு பையில் அடைத்து எளியோர்க்கும் எட்டச்செய்த பெருமை கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனுக்கு உரியது. அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பெட்டிக்கடையில் தொங்கும் சரம், இவ்வாறு தமிழ்நாட்டின் சிறுநகர் ஒன்றிலிருந்து பிறந்த எண்ணமாகும்.

தவிர்க்க வேண்டியவை

ஜெல் விரைவில் நீங்கவேண்டும் என்று சமையல் சோடா, துணி சோப்பு ஆகியவற்றைச் சிலர் பயன்படுத்துகின்றனர். அவை காரத்தன்மை உடையவை; காரம் செதில்களை விரியச் செய்து முடியை முரடாக்கும். நிலத்தடி நீர் கடினநீராக இருந்தால், சோப்பு அதிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து, கரையாத கசடாக முடியில் படியும். ஷாம்பூ அவ்வாறு கசடு ஆவதில்லை. மண்ணெண்ணெய், ஸ்பிரிட், நகப்பூச்சு நீக்கி ஆகியவை எளிதில் தீப்பற்றக் கூடியவை, தோலையும் எரிக்கும். அவற்றைத் தலையில் தடவுவது பேரிடர். ஜெல்லோடு உறங்குவதும் தவிர்க்கத்தக்கது. தலையணையில் உராயும் இழைகள் முறியும். கழுவியபின்னும் அரிப்போ புண்ணோ நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும்.

முடியை அழகுபடுத்துதல் இளமைக்கு இயல்பு. தடவுவதற்கு அரை நிமிடம் போதும். நீக்குவதற்குப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்க முடியாத நாளில் ஜெல் தடவாதிருத்தலே முடிக்குச் செய்யும் நன்மை.

சொற்பொருள்

நுண்தூள் – மிகச் சிறிய துகள்
பல்படிச் சேர்மம் – சிறு மூலக்கூறுகள் பல தொடர்ந்து இணைந்த நீண்ட மூலக்கூறு
கரைப்பான் – பிறபொருளைக் கரைக்கும் பொருள்
முழுக்கு – தலை முழுகிக் குளித்தல்
கசடு – அடியில் தங்கும் அழுக்கு

வினாக்கள்

1. ஜெல் தடவிய முடி விறைத்து நிற்பதன் காரணம் யாது?
2. ஜெல் துகளையும் பொடுகையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
3. சயனைடு மேடுகளின் தூள், ஜெல் பூசிய முடிக்கு எவ்வாறு கேடு விளைக்கிறது?
4. ஜெல்லுக்கும் பொமேட்டுக்கும் நீக்கும் வரிசை ஏன் வேறுபடுகிறது?
5. வீட்டிலுள்ள மூத்தோரிடம் எண்ணெய் முழுக்குப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.