ரயிலுக்குத் துணையாக வந்த கார்

குழந்தைகளே! பொம்மை ரயில் வைத்து விளையாடியிருப்பீர்கள். தண்டவாளத்தை வட்டமாக மாட்டிச் சாவி கொடுத்தால் சுற்றிச் சுற்றி வரும். கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும், இல்லையா? ஏன் தெரியுமா? அது நிற்க ஒரு ஸ்டேஷன் இல்லை. ஏறி இறங்க ஆள் இல்லை!

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஃபிராங்க் ஹார்ன்பி. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்காரர். துளையிட்ட உலோகப் பட்டைகளை நட்டு, போல்ட் போட்டு இணைத்து கிரேன், பாலம் எல்லாம் கட்டி விளையாடும் பொம்மைக்கு 1901-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் பிறகு 'மெக்கானோ' ஆனது. 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னாலேயே ஸ்டேஷன், கைகாட்டி சிக்னல், சுரங்கப்பாதை, லெவல் கிராசிங் கேட் என்று தகரத்தில் ஒவ்வொன்றாக வந்தன. ரயிலை ஒருமுறைதான் வாங்குவார்கள். துணைப் பொருட்களையோ ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாங்கலாம். கெட்டிக்கார வியாபாரி!

1930-களின் தொடக்கத்தில் அவருடைய மெக்கானோ நிறுவனம் ஒரு சிறு பெட்டி விற்றது. அதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, டிக்கெட் பரிசோதகர், டிரைவர், இரண்டு போர்ட்டர்கள் என ஆறு குட்டி மனிதர்கள்! அடுத்து பயணிகள் வந்தார்கள். ஆடு மாடுகளும் வந்தன. ஸ்டேஷன் வாசலில் வண்டி நிற்க வேண்டாமா? 1933 டிசம்பரில் கார், லாரி, டிராக்டர் என்று ஆறு வாகனங்கள் வந்தன. மறு ஆண்டே அவற்றுக்கு 'டிங்கி டாய்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

ரயிலே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கார்களைக் கேட்டு அடம்பிடித்தார்கள். ரயிலுக்குத் துணையாக வந்த கார், ரயிலையே மிஞ்சிவிட்டது! இன்றும் உலகம் முழுவதும் பொம்மைக் கார்களைச் சேகரிப்பவர்கள் விரும்பும் அளவு, நிஜத்தில் 43-ல் ஒரு பங்கு. அது பழைய ரயில் பொம்மையின் அளவிலிருந்து வந்ததுதான். எங்கே, ஒரு கணக்கு போடுங்கள்: 172 செ.மீ. உயரமுள்ள உங்கள் மாமா அந்த ஸ்டேஷனில் நின்றால் எவ்வளவு உயரம் இருப்பார்? 172-ஐ 43-ஆல் வகுத்தால் நான்கே செ.மீ.!

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். டிங்கி கார்களைச் செய்ய உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் செலுத்துவார்கள். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். 1960-களின் இறுதியில் அப்படிப்பட்ட பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. வெளிநாட்டுப் பொம்மைகள் இங்கே எளிதில் கிடைக்காத காலம் அது. 'டிங்கி' என்ற பெயரை எடுத்துவிட்டு 'நிக்கி' என்று போட்டு நம் நாட்டிலேயே வார்த்தார்கள். அவற்றில் ஒன்று ஸ்டாண்டர்டு 20 என்ற மினி பஸ்.

நிஜமான ஸ்டாண்டர்டு 20 எங்கே தயாரானது தெரியுமா? தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு ரயிலில் ஏறினால் அடுத்து பெருங்களத்தூர், வண்டலூர் வரும் அல்லவா? அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில்தான்! லிவர்பூலில் ரயிலுக்குத் துணையாகப் பிறந்த பொம்மை, கல்கத்தா வழியாகச் சுற்றி, நம் ரயில் பாதை ஓரத்து வண்டியின் உருவத்தில் வந்து நின்றது பாருங்கள்.

லிவர்பூல் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. ஸ்டாண்டர்டு தொழிற்சாலையும் 1980-களின் இறுதியில் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அந்த இடத்தில் இப்போது உயரமான அலுவலகக் கட்டடங்கள். அந்த மினி பஸ்ஸைச் சாலையில் பார்ப்பது அபூர்வம். பொம்மைகளும் எல்லாம் பிழைத்திருக்கவில்லை. 1930-களில் வார்த்த பலவற்றில் துத்தநாகத்தோடு துளி ஈயம் கலந்துபோனதால், பல வருடம் கழித்துத் தாமாகவே வீங்கி, விரிசல் விட்டு, பொடிப்பொடியாக உதிர்கின்றன.

தாத்தா வீட்டுப் பரணில் பழைய உலோகக் கார் ஏதாவது கிடைத்தால், திருப்பி அடிப்பாகத்தில் உள்ள பெயரைப் படியுங்கள். வாயில் மட்டும் வைக்காதீர்கள். பழைய பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். புது பெயின்ட் அடித்து அழகுபடுத்தவும் வேண்டாம். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது பழைய பெயின்டைத்தான். அட்டைப் பெட்டியும் கூடவே கிடைத்தால், இன்னும் விசேஷம்!