சரக்கு பொதுச் சொத்து, பெயர் உங்கள் சொத்து!

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள சிற்றூர். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து 11ஆம் நூற்றாண்டில் 15 படுக்கைகளுடன் நடந்த ஆதுலர் சாலையையும், அங்கே இருப்பு வைத்த மருந்துகளையும் அது வரிசையாகச் சொல்கிறது. வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, கல்யாண லவணம் ஆகியவை அவற்றுள் சில. ஹரீதகி என்பது நம் கடைகளில் மூட்டையாகக் கிடக்கும் கடுக்காய்தான்.

இதில் வணிகர்களாகிய நமக்கு என்ன? "எங்கள் தைலத்துக்குப் பேடண்ட் வாங்கலாமா?" என்று கேட்கும் அன்பர்கள் பலர். பேடண்ட் வேறு, டிரேட் மார்க் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் பணமும் போகும், பெயரும் போகும்.

பேடண்ட் எனும் காப்புரிமை, புதிய கண்டுபிடிப்புக்கு 20 ஆண்டுகள் கிடைப்பது. ஊரறிந்த பாரம்பரிய மருந்துக்கு நம் காப்புரிமைச் சட்டம் இடம் தருவதில்லை. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்றாக வைத்து வாதாடியது. 1997இல் அந்த உரிமை ரத்தானது. எழுதி வைத்த பழஞ்சான்றுக்கு அத்தனை வலிமை!

ஆகவே கடுக்காய்ச் சூரணத்தை நீங்களும் உரிமை கொண்டாட முடியாது, அடுத்தவரும் முடியாது. ஆனால் கடுக்காயின் கொட்டையை நீக்கப் புதிய இயந்திரம் ஒன்றை நீங்களே வடிவமைத்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் போடும் முன் அதைப் பிறருக்குக் காட்டவோ விற்கவோ வேண்டாம். வெளியே தெரிந்துவிட்டது புதியது ஆகாது.

சரக்கு எல்லோருக்கும் பொது என்றால், வாடிக்கையாளர் உங்கள் பாக்கெட்டைத் தேடி வருவது எதனால்? பெயரால்! அந்தப் பெயரைக் காப்பதே டிரேட் மார்க்.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. 'சுத்தமான சூரணம்' போல சரக்கை வருணிக்கும் சொல்லும், வெறும் ஊர்ப் பெயரும் பொதுவாகப் பதிவாகாது. தனித்த பெயராகத் தேர்ந்தெடுங்கள்.

2. அதே பெயர் வேறொருவரிடம் உள்ளதா என்று பதிவேட்டில் தேடிப் பாருங்கள். லேபிள் அச்சடிப்பது அதற்குப் பிறகு.

3. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் கணினி வழியே விண்ணப்பிக்க, ஒரு வகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய். மருந்து 5ஆம் வகை, மசாலா 30ஆம் வகை. நம் பகுதிக்கான அலுவலகம் சென்னை கிண்டியில்.

4. பதிவு 10 ஆண்டுக்கு. பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

5. பதிவாகும் முன் வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது குற்றம். 'டி.எம்.' போடலாம்.

6. முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டம் மதிப்புத் தருகிறது. பழைய பில், லேபிள், விளம்பரம் எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

கல்வெட்டில் ஏறிய மருந்துப் பெயர்களை இன்றும் படிக்க முடிகிறது. உங்கள் கடையின் பெயரும் பதிவேட்டில் ஏறட்டும்!