வரத்துக் கால்வாயை மறித்தவர் மீது யார் பெயரில் மனு கொடுப்பது?

மதுரை மாவட்டத்துக் கண்மாய்கள் பலவும் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். இடையில் ஒருவர் வரத்துக் கால்வாயில் மண் கொட்டி வேலி போட்டுவிட்டால், நல்ல மழையிலும் கீழ் ஆயக்கட்டு தரிசாகக் கிடக்கும்.

மறித்தவர் யார் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் மனு எழுத ஆள் வருவதில்லை. அவர் பக்கத்து வயல்காரராகவோ, சொந்தக்காரராகவோ, செல்வாக்கு உள்ளவராகவோ இருப்பார். பயத்துக்குக் காரணமும் உண்டு. கரூர் மாவட்டம் குளித்தலை அருகே முதலைப்பட்டியில், குளத்து ஆக்கிரமிப்பை எதிர்த்து நீதிமன்றம் போன தந்தையும் மகனும் 2019 ஜூலையில் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது.

பயந்துகொண்டு மொட்டைக் கடுதாசி போடுவதில் பலன் இல்லை. கையெழுத்து இல்லாத மனுவை அலுவலகங்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். 'என்ன ஆயிற்று' என்று கேட்கவும் ஆள் இருக்காது. தனி ஆளுக்குப் பதில் பொது அமைப்பின் பெயரில் புகார் போவதே நல்ல வழி.

முதலில் ஆதாரம்: கால்வாயின் சர்வே எண், 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம் மூன்றும் வேண்டும். அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் 'பி மெமோ' கொடுத்திருந்தால், ஆக்கிரமிப்பு ஏற்கெனவே பதிவாகியுள்ளது என்று பொருள். அதற்கு அபராதம் கட்டியதால் யாருக்கும் பட்டா உரிமை வந்துவிடாது.

எந்த அலுவலகம்? பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் உண்டு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அங்கே 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டும்.

யார் மூலம்? நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால், தீர்மானம் போட்டு தலைவர் கையெழுத்தில் மனு கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவது இன்னொரு வழி. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் இதற்குப் பொருத்தமானது. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் சங்கத்தின் சார்பில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். நீதிமன்றம் போக வேண்டி வந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

மனு கொடுத்து நடவடிக்கை இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில், மனுவின் நிலை என்ன என்று கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். மேல் ஊர்க்காரர் கேட்கத் தயங்கினால், பாதிக்கப்படும் கீழ் ஊர்க்காரர் கேட்கலாம். எந்தக் குடிமகனுக்கும் அந்த உரிமை உண்டு.

'முப்பது வருஷமாக அனுபவிக்கிறேன்' என்ற வாதம் நிற்காது. கிராமப் பொது நிலத்தில் நெடுங்கால ஆக்கிரமிப்பை நியாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

மிரட்டல் வந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல், ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கால்வாய் காய்ந்து கிடக்கும் கோடையிலேயே சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிட்டால், ஐப்பசி மழைக்குள் வழி திறக்க நேரம் இருக்கும்.