பெட்டியைத் திறந்து பார்த்தபின் பஸ் ஏறுங்கள்

"அண்ணா, நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு என்ன ரேட்டுங்க?" தருமபுரி கணினிக் கடைகளில் கல்லூரிப் பையன்கள் வந்து கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பணம் வீணாகத் தொடங்கும் இடமும் இதுதான். பத்துப் பன்னிரண்டு வருடமாக வீட்டில் ஓடும் கணினிக்கு எந்தக் கார்டு பொருந்தும் என்பதை ஜிபியும் முடிவு செய்வதில்லை, கார்டின் பெயரும் முடிவு செய்வதில்லை. பெட்டியின் மூலையில் தூசி படிந்து கிடக்கும், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்தான் முதலில் முடிவு செய்கிறது. அதைப் பார்க்காமல் கார்டு வாங்கிவிட்டு அல்லாடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்து வீடுகளில் இரண்டு வகைப் பழைய கணினிகள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, 2011 முதல் 2014 வாக்கில் உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியவை. எச்61 மதர்போர்டு, இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5 பிராசசர், 4 ஜிபி ரேம் என்று இருக்கும். இன்னொன்று, அலுவலகங்கள் கழித்துவிட்ட பிறகு புதுப்பித்து விற்கப்படும் டெல், எச்பி, லெனோவோ கணினிகள். பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் இவை நமக்குச் சுலபமாகக் கிடைக்கின்றன. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிக்கும் கார்டு போடலாமா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. போட முடியாது, அதில் ஸ்லாட்டே கிடையாது.

இனி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். சிபியு பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினால், கரண்ட் ஒயர் வந்து சொருகும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி தெரியும். அதன் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதே ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். 3.3, 5, 12 என்று வோல்ட்டுகளும் ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஆம்பியர் என்றும் போட்டிருப்பார்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரத்தை. அங்கே 14 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள். 168 வாட் வரும். 450 என்று போட்ட பெட்டியில் உங்கள் கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைக்கப்போவது அந்த 168-தான்.

ஐ5 3470 பிராசசருக்கு இன்டெல் சொல்லும் கணக்கு 77 வாட். கூடுதல் ஒயர் தேவைப்படாத கார்டு, ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். இரண்டும் சேர்ந்து 152. ஹார்டு டிஸ்க், விசிறி, மதர்போர்டு ஆகியவற்றுக்கு மிஞ்சுவது 16 வாட். இப்படி விளிம்பில் ஓடுகிற எஸ்எம்பிஎஸ்தான் கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கணினியைத் தானாக ரீஸ்டார்ட் ஆக்குகிறது. ஒருநாள் அது வெடித்தால் மதர்போர்டும் சேர்ந்து போகலாம். அதனால் 12 வோல்ட்டில் 25 ஆம்பியருக்கு மேல் தரும், 80 பிளஸ் முத்திரை உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் மாற்றுங்கள். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் இந்த மாதம் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிக்கொண்டு கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அலுவலகத்திலிருந்து வந்த டெல் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்ற மாடல்களில் மதர்போர்டுக்கு வரும் பிளக் வழக்கமான 24 பின் அல்ல, 8 பின். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது, மாற்று கேபிள் வேண்டும். ஆனால் டெல் போட்டுக் கொடுத்த எஸ்எம்பிஎஸ் 290 வாட் என்றால் அது நம்பத்தகுந்த 290. ஒயர் கேட்காத கார்டு போடுவதாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஒல்லியான பெட்டி என்றால் உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டுதான் உள்ளே போகும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். பாசன மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்து வீடுகளில் வோல்டேஜ் இறங்குவதும் பிறகு சட்டென்று ஏறுவதும் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது ஏறத்தாழ 360 வாட். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்எக்ஸ் 580 வாங்கினால் அந்தக் கார்டு மட்டும் 185 வாட் கேட்கும். பிராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து 300-ஐத் தாண்டிவிடும். இரண்டு வருடம் ஓடிய பேட்டரியில் கரண்ட் போன அந்த நொடியே எல்லாம் அணைந்துவிடும். நம் ஊர்ப் பழைய கணினிக்கு 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டே போதும் என்பது என் உறுதியான முடிவு.

இப்போது அந்த நாலு ஜிபி கேள்வி. கார்டின் வேகத்தைச் சொல்வது மெமரியின் அளவைவிட, ஒரு நொடியில் அது எவ்வளவு தரவைக் கடத்துகிறது என்பதுதான். ஜிடி 730 என்ற பெயரில் 4 ஜிபி டிடிஆர்3 மெமரியோடு ஒரு கார்டு வருகிறது. அதில் 64 பிட் வகை நொடிக்கு 14.4 ஜிபி கடத்தும். உங்கள் கணினியில் 1600 மெகாஹெர்ட்ஸ் டிடிஆர்3 ரேமை இரண்டு ஸ்டிக்காகப் போட்டால் அதுவே 25.6 ஜிபி கடத்தும். காசு கொடுத்து வாங்கிய கார்டின் மெமரி, ஏற்கெனவே இருக்கும் ரேமைவிட மெதுவாக நிற்கிறது. ஜிடி 1030-லும் இதே கதைதான். 2017-ல் வந்த ஜிடிடிஆர்5 வகை 48 ஜிபி கடத்தும். மறுவருடம் அதே பெயரில் வந்த டிடிஆர்4 வகை 16.8-தான். இரண்டு பெட்டிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அட்டையில் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும். ஒரே பெயரில் இப்படி வேறு வேறு சரக்கை விற்பது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்படியானால் எதை வாங்கலாம்? 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-ஐத்தான் நான் முதலில் சொல்வேன். நொடிக்கு 128 ஜிபி, 75 வாட். 6 பின் ஒயர் கேட்கும் மாடல்களும் உண்டு, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 70 வாட். இதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்று இருக்கிறது, அது 130 வாட். மாறிப்போகாமல் பார்த்து வாங்குங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இன்னும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் 2025 அக்டோபரோடு என்விடியா அதற்குப் புது கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆர்எக்ஸ் 6400 படிக்க அழகாக இருக்கும். ஆனால் அது மதர்போர்டோடு நான்கே லேன்களில், அதாவது நான்கே தரவுப் பாதைகளில் பேசும் கார்டு. பழைய மதர்போர்டின் மெதுவான ஸ்லாட்டில் அதன் வேகம் நன்றாகவே அடிபடும். வீடியோ என்கோடரும் அதில் இல்லை.

எந்த வேலைக்கு என்பதையும் யோசிக்க வேண்டும். கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கும் கோரல் டிராவில் பேனர் செய்பவர்களுக்கும் கார்டைவிட எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும்தான் உடனடி நிம்மதி. எடியஸில் வீடியோ வெட்டுகிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய எடியஸ் பதிப்புகள் வேகமாக எக்ஸ்போர்ட் செய்ய நம்பியிருப்பது இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் குயிக் சிங்க் வசதியை. புதுக் கார்டைச் சொருகியதும் பல மதர்போர்டுகள் உள்ளே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும், குயிக் சிங்க்கும் அதோடு போய்விடும். "கார்டு போட்டதுக்கு அப்புறம்தாங்க சிஸ்டம் ஸ்லோ ஆயிடுச்சு" என்று ஸ்டுடியோக்காரர் சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பயாஸுக்குள் போய் இன்டெல் கிராபிக்ஸை மறுபடி இயக்கிவிட்டால் சரியாகிவிடும்.

கேம் ஆடுகிற பையன்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2015-ல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5-க்கு அதைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனமே பரிந்துரைத்த இன்டெல் பிராசசர் ஐ5 3470. பரிந்துரைத்த கார்டு ஜிடிஎக்ஸ் 660, ரேம் 8 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650 அந்தக் கார்டைவிடப் பலமானது. அந்தக் காலத்து கேம்களை நம் வீட்டுப் பழைய கணினி தாராளமாக ஓட்டும். ஆனால் புது கேம்கள் சிலவற்றுக்கு ஏவிஎக்ஸ்2 என்ற வசதி பிராசசரில் வேண்டும். மூன்றாம் தலைமுறை வரை அது கிடையாது, 2013-ல் வந்த நான்காம் தலைமுறையில்தான் சேர்ந்தது. அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அந்த கேம் திறக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது எட்டாம் தலைமுறை முதலான இன்டெல் பிராசசர்களை. அதனால் பெட்டி முழுவதும் விற்றால் என்ன கிடைக்குமோ அதற்கு மேல் கார்டுக்குச் செலவழிப்பது வீண்.

மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ-யை விஜிஏ-வாக மாற்றும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும், இப்போதைய கார்டுகளில் விஜிஏ வருவதில்லை. கார்டைப் போட்டபின் மானிட்டர் ஒயரைப் பழையபடி மதர்போர்டிலேயே சொருகிவிட்டு "டிஸ்ப்ளே வரல" என்று கடைக்கு ஓடி வருகிறவர்கள் ஏராளம். ஒயரைக் கார்டில் சொருகுங்கள். அப்படியும் வராவிட்டால் பயாஸ் பழையதாக இருக்கலாம்.

வாங்க இரண்டு பெரிய சந்தைகள் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெரு. தருமபுரியில் ஏறினால் ஓசூர் வழியாக பெங்களூரு எஸ்.பி. ரோடு. உள்ளூர்க் கடையில் கொஞ்சம் விலை கூடினாலும், பழுதானால் தூக்கிக்கொண்டு போக வசதி. புதுக் கார்டு என்றால் நான் உள்ளூரைத்தான் பார்ப்பேன்.

செகண்ட் ஹேண்டுக்குத்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். 2022 செப்டம்பரில் எதிரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை நின்றுபோனதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகமெங்கும் சந்தைக்கு வந்தன. அவற்றைத் துடைத்துப் புதிதுபோல வைத்திருப்பார்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2048 ஸ்ட்ரீம் பிராசசர் மட்டும் உள்ள கார்டும் கிடைக்கிறது. அது உண்மையில் ஆர்எக்ஸ் 570-க்குச் சமம், அசல் 580-ல் 2304. பழைய ஜிடிஎஸ் 450 சிப்பில் வேறு பயாஸ் ஏற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகளைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே பணம் கொடுக்கும் முன் கார்டைக் கடையிலேயே ஒரு கணினியில் மாட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் திறந்து மெமரி வகையைப் பாருங்கள், கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். "அதெல்லாம் வேண்டாம் தம்பி, கியாரண்டி நான்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அந்த எண்தான் ஆதாரம்.